அக்கா தண்ணீர் குடிக்க ஒரு கடற்கரை

சந்திரனுக்கு மனிதனை அனுப்பப் போகிறார்கள் என்று பத்திரிகைகளெல்லாம் எழுதிக்கொண்டிருந்த வருஷத்தில், என்னைக் காவேரிப்பட்டினத்திலிருந்து சிலோனுக்கு அனுப்பினார்கள். இரண்டில் எது கடினமான காரியம் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. சந்திரனுக்குப் போகிறவர்களோடு அவர்களுடைய அக்கா போவதில்லை.

என் அக்கா லூர்தம்மாள் ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரி நிலமும் இரண்டு பையன்களும் வைத்திருக்கிறாள். இரண்டையும் கடவுள் பார்த்துத்தான் விளைவிக்க வேண்டும் என்பாள். அத்தான் காலமாகி வெகு நாளாயிற்று. சின்னவன் நிலத்தைப் பார்க்கிறான். பெரியவன் சேவியர், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்துவிட்டு, இப்போது ஊத்தங்கரையிலேயே ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக். பெங்களூரில் அவன் கற்றது பாதி தொழில், பாதி இங்கிலீஷ். டைட், லூஸ், டியூட்டி, ஓவர்டைம் ஆகிய நான்கு சொற்களுக்குள் உலக விவகாரம் முழுவதையும் அடக்கிவிடுவான்.

அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டது. கல்லாவியிலிருந்து சிறு வயதில் கொழும்புக்குப் பிழைக்கப் போன அந்தோணிசாமி என்பவர், ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா ஆகி, நீர்கொழும்பில் பெண்ணெடுத்து, அங்கேயே வீடும் கட்டிக்கொண்டார். போன வருஷம் கோவில் திருவிழாவுக்குத் தம் மகள் ரோஸலினை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். வந்த பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. பஸ்ஸுக்கு அடியிலிருந்து முகமெல்லாம் கரியோடு வெளியே வந்த சேவியரைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தாள். பஸ் அன்று சாயங்காலமே சரியாகிவிட்டது. பையன் சரியாகவில்லை.

தகப்பனாருக்குச் சம்மதம். பெண்ணுக்கும் சம்மதம் என்று கேள்வி. தாயார் மேபல் அம்மாளுக்குத்தான் மனசில்லை. “தண்ணியில்லாத ஊருக்கு என்ட பிள்ளையக் குடுக்க மாட்டன்” என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தோணிசாமி கல்யாணமான நாளிலிருந்து தம் இளமைக் காலத்து வறட்சியை மனைவியிடம் வர்ணித்து வந்தவர். தண்ணீருக்காகச் சின்ன வயதில் தாம் நடந்த தூரம், சொல்லும்போதெல்லாம் ஒரு மைல் கூடும். அப்படி நடந்து நடந்து இப்போது மகளின் கல்யாணத்தையே தாண்டிப் போய்விட்டார்.

கடைசியில், “ஆட்களை வரச் சொல்லுங்கோ, முகத்தைப் பார்த்துக் கதைப்பம்” என்கிற மட்டும் அந்த அம்மாள் இறங்கி வந்தார். ஆகவே அக்கா கிளம்பினாள், சேவியர் கிளம்பினான், தாய்மாமன் என்ற முறையில் நானும் கிளம்பினேன். அதோடு நான் பூகோள வாத்தியார். இருபது வருஷமாகக் கடல்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். எந்த நீரோட்டம் எந்தத் தேசத்துக் கரையில் மோதுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். கடலைத்தான் பார்த்ததில்லை. பட்டினம் என்ற பெயருள்ள ஊரில் இருந்துகொண்டு இப்படியா என்று கேட்காதீர்கள். எங்கள் காவேரிப்பட்டினத்தில் காவேரியும் கிடையாது. ஓடுவது தென்பெண்ணை, அதுவும் மனசு வந்தால்.

கப்பலில்தான் கடலுக்கும் எனக்கும் அறிமுகம் ஏற்பட்டது. சுமுகமாக இல்லை. காலையில் சாப்பிட்டதையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா மடியில் தண்ணீர்க் கூஜாவும் கையில் ஜெபமாலையுமாக அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“இத்தத்தான் புள்ளைங்களுக்கு இருவது வருசமா பாடம் சொல்லிக் குடுக்கறியாடா சின்னப்பா?” என்றாள். “கிட்டப் போவாதீங்கடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்தாது?”

நீர்கொழும்பில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் யாத்திரிகர் விடுதியில் இடம் பிடித்து வைத்திருந்தார் அந்தோணிசாமி. முதல் காலை ஆகாரம் இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும். மதியம் சோறு, தேங்காய்ப்பால் ஊற்றிய மீன், தேங்காய் போட்ட கீரை. எங்கள் பக்கத்தில் ஒரு தேங்காய் வாங்கினால் அதைக் குடும்பத்தோடு கூடி உடைப்போம். பாதியை மறுநாளைக்கு மூடி வைப்போம். இங்கே தேங்காயைச் சாம்பல் மாதிரி வாரி இறைக்கிறார்கள். அக்கா முதல் இரண்டு வேளை கணக்குப் பார்த்து மலைத்தாள். மூன்றாவது வேளை சம்பலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பாஷை விஷயத்தில் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரியே இருந்தது. ஓசூர்ச் சந்தையில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார், கன்னடத்தில் குறைப்பார், ஒத்து வராவிட்டால் தமிழில் திட்டுவார். நீர்கொழும்புக் கடைத்தெருவிலும் அப்படித்தான். பேச்சு சிங்களத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சண்டை வந்ததும் சட்டென்று தமிழுக்குத் திரும்பிவிடும். நமது மொழியின் வளத்தைப் பற்றி நான் மேடைகளில் பேசியிருக்கிறேன். இப்படியோர் ஆதாரம் அப்போது கையில் இல்லாமல் போயிற்று.

அன்று மாலை பெண் வீட்டுக்குப் போனோம். காயலைப் பார்த்த, ஓட்டுக்கூரை போட்ட, சுத்தமான வீடு. மேபல் அம்மாள் நல்ல உயரம், நல்ல கறுப்பு, பேசும்போது எதிராளியின் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்காத ரகம். மேஜை நிறைய கேக், மீன் வைத்த பேட்டிஸ், வாழைப்பழம், பூப்போட்ட கோப்பைகளில் தேநீர். எல்லாம் அவர் கையால் செய்தவை. ரோஸலின் கதவோரம் நின்றாள். சேவியர் கூரையின் மரச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும். சம்பந்தம் பேசப் போன வீட்டில், பேச்சு முடிகிற மட்டும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது. தொட்டால் ஒப்புக்கொண்டாயிற்று என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் பாவம். தொடாமல் இருப்பதுதான் அந்த வீட்டுக்குச் செய்யும் மரியாதை.

“ஆவட்டும் ஆவட்டும், அதுக்கு இன்னா அவசரம்” என்றாள் அக்கா. மேபல் அம்மாள் தட்டை நகர்த்தி வைத்தார். அக்கா சிரித்தாள். மேபல் அம்மாள் கோப்பையைக் கையிலேயே எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை வாங்கி, பத்திரமாக மேஜையின் மேல் திரும்ப வைத்தாள். நான் கேக்கைக் கண்ணால் மட்டும் தின்றுகொண்டிருந்தேன். புழுக்கமான சாயங்காலம். அக்காவுக்குத் தொண்டை வறண்டிருக்க வேண்டும். மடியிலிருந்த கூஜாவைத் திறந்து, அண்ணாந்து, நாலு மடக்குக் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

மேபல் அம்மாள் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு ஹாலை விட்டு உள்ளே போனார்.

அந்தோணிசாமிக்கு வழக்கம் மறந்து போயிருந்தது. கூஜாவைப் பார்த்ததும் நினைவுக்கு வந்ததாம். அந்த வேளையில் நினைவு வந்து என்ன செய்ய?

மறுநாள் காலையில் விடுதிக்கு ஓடி வந்தார். “வாத்தியாரே, ராத்திரி முழுக்க அடுக்களையில பாத்திரம் பேசிச்சு. ‘என்ட வீட்டுத் தண்ணியில நஞ்சா கிடக்கு? தண்ணியில்லாத ஊரில இருந்து தண்ணியைச் சுமந்துகொண்டு வந்து என்ட முகத்துக்கு முன்னாலயா குடிக்கிறது?’ன்னு கேக்குறா. நம்ம பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். ‘தண்ணி குடிச்சாத்தான் சம்மதமெண்டால், இந்த வீட்டில அந்த ஆட்கள் ஒருநாளும் குடிக்க மாட்டினம், நானும் இனிக் குடுக்க மாட்டன்’ங்கிறா.”

அக்கா திகைத்துப் போனாள். “மரியாத பண்ணா தப்பாடா?” என்று என்னைக் கேட்டாள். சேவியர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “எல்லாம் லூஸ் ஆயிடுச்சு மாமா” என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் எங்களுக்குத் திரும்புகிற கப்பல்.

அந்தோணிசாமிக்கு ஒரு யோசனை இருந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்தால்தானே வழக்கம், மரியாதை, மேஜை, கோப்பை எல்லாம்? ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு குடும்பமும் கடற்கரைக்குப் போவது. கடற்கரை யார் வீடும் இல்லை. அங்கே உட்கார்ந்து பேசலாம். “எந்தக் கரைன்னு நீங்களே பாருங்க, வாத்தியாரே. நீங்க பூகோளம்.”

பூகோளம் இப்படியும் பழிவாங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கடற்கரை என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். மணல், அலை, முடிந்தது. நல்ல குடும்பங்கள் இரண்டு, கோபத்தில் இருக்கும் ஓர் அம்மாள், கல்யாணப் பேச்சு, இவற்றோடு போய்ப் பார்த்தால்தான் கடற்கரைக்கும் குணம் உண்டு என்று தெரிகிறது.

அன்று சாயங்காலமே அக்காவையும் சேவியரையும் அழைத்துக்கொண்டு, வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஓட்டல்களின் பக்கம் போனேன். அழகான கரை. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், வர்ணக் குடைகள். மணலில் ஆணும் பெண்ணுமாகப் பத்திருபது பேர், ஒரு கைக்குட்டையைக் கிழித்து நாலு பேர் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி உடுத்திக்கொண்டு, வெயிலில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார்கள். சேவியர் கடமை தவறாமல் ஆகாயத்தைப் பார்த்தான். நான் ஒரு கல்வியாளனுக்குரிய அக்கறையோடு அடிவானத்தை ஆராய்ந்தேன்.

அக்கா மட்டும் நேராகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, “பாவம், யாருமில்லியா இவங்களுக்கு?” என்றாள். “இப்பிடி வெந்து போயி கெடக்குறாங்க. ஒரு கைப் புடிச்சி நெழல்ல இழுத்துப் போடக்கூட ஆளில்ல.”

வேண்டுமென்றேதான் கிடக்கிறார்கள் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் வெயில் யாரும் கேட்காமலே கிடைக்கிற வஸ்து. கடல் தாண்டி வந்து அதில் படுப்பார்கள் என்றால் யார் நம்புவார்கள்? அந்தக் கரையை விட்டுவிட்டோம்.

மறுநாள் அந்தோணிசாமியோடு மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் கரைக்குப் போனேன். இது முற்றிலும் குடும்பக் கரை. பெண்களும் குழந்தைகளும் நிறைய. ஆனால் கண்ணுக்கெட்டிய மட்டும் கயிற்றுப் பாய்களில் பிளந்த மீன்கள் காய்ந்துகொண்டிருந்தன. மானம் மறைய எதுவும் இல்லாமல் வெயிலில் கிடந்த வகையில் முந்தின நாள் காட்சிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை, வாசனைதான் வேறு. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பாய்களுக்கிடையே பார்த்துப் பார்த்து நடந்தேன். ஒரு செம்படவப் பெண் சிங்களத்தில் ஏதோ சொல்ல, சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன்.

“கண்ணாடி போட்ட ஐயா மீனுக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்காரான்னு கேக்குறா” என்றார் அந்தோணிசாமி. பிறகு குரலைத் தாழ்த்தி, “இவ மேபலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்தக் குடிசையில இருக்கிறவன் அண்ணன் முறை. அதோ அந்தத் தோணி, அதுக்குப் பக்கத்துத் தோணி, எல்லாம் மாமன் மச்சான்” என்றார்.

ஒரு மேபல் அம்மாளையே சமாளிக்க வழி தெரியாதவன், கரை நீள மேபல் அம்மாள்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் கரையையும் விட்டோம். அக்காவுக்குக் கொடுக்க ஒரு கட்டுக் கருவாடு மட்டும் வாங்கி வந்தேன். இந்தப் பயணத்தில் நான் செய்த காரியங்களில் அவள் மனதாரப் பாராட்டியது அது ஒன்றுதான்.

மூன்றாவது நாள் ஒரு வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சேவியரும் நானும் வடக்கே போனோம். அவன் மிதித்தான், நான் பின்னால் கேரியரில் குடையோடு உட்கார்ந்து வழி சொன்னேன். தார் ரோடு இருந்தவரை வழிகாட்டுவது எளிதாக இருந்தது. மணல் வந்ததும் முன்சக்கரம் ஒரு பக்கம் போக விரும்பிற்று, பின்சக்கரம் என் கட்சியில் இருந்தது. நான் விழுந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால், எதிரே நான் தேடிய கரை.

பஸ் வந்து திரும்புகிற கடைசிக் கிராமத்துக்கு அப்பால், பெரிய தென்னந்தோப்பு. தோப்பு முடிகிற இடத்தில் தாழம்புதர். அப்புறம் சுத்தமான மணல். கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் கறுத்த பாறைகள் வரிசையாக நின்று அலையை மறித்துக்கொண்டிருந்ததால், கரையோரத் தண்ணீர் ஏரி மாதிரி அடங்கிக் கிடந்தது. முழங்கால் ஆழம். நிழல் உண்டு, அமைதி உண்டு, வெள்ளைக்காரர் இல்லை, கருவாடு இல்லை, மேபல் அம்மாளின் உறவினர் இல்லை.

“எப்படி?” என்றேன்.

“சூப்பர் மாமா. எல்லாம் டைட்டா இருக்குது” என்றான் சேவியர். மூன்று நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

ஒரு கடற்கரையில் என்னென்ன இருக்க வேண்டும், என்னென்ன இருக்கக் கூடாது என்று அத்தனை யோசித்த நான், அங்கே குடிக்கத் தண்ணீர் உண்டா என்று மட்டும் பார்க்கவில்லை. வறண்ட பிரதேசத்திலிருந்து வந்தவன் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தால் வேறெதை யோசிப்பான்?

ஞாயிறு பூசை முடிந்து ஆறு பேரும் பஸ் ஏறினோம். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். மேபல் அம்மாளும் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. இருவரும் அவரவர் ஜன்னலைப் பார்த்தார்கள். இருந்தது ஒரே ஜன்னல்தான். அக்கா பக்கம் இருந்ததோ கண்டக்டருடைய இடுப்பு. புளிச்சோற்று மூட்டை அவள் மடியில். கூஜாவை என்னிடம் ஒப்படைத்திருந்தாள்.

கண்டக்டர் என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். ரோஸலின் திரும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மாமா, உங்கட குடை அவரிட விலாவில குத்துதாம். ‘ஐயா இறங்குமட்டும் நான் உயிரோட இருக்க வேணும்’ எண்டு சொல்றார்” என்றாள்.

குடையை மடக்கினேன். அவள் என்னை மாமா என்றதை அக்கா கவனித்துவிட்டாள் என்பது அவள் பின்தலை அசைந்ததிலிருந்து தெரிந்தது.

இறங்கும்போது, வலது கையில் குடை, இடது கையில் வழியில் படிக்க எடுத்து வந்த புத்தகம், இரண்டையும் ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கூஜா பஸ்ஸில் போயிற்று. அது எனக்குத் தெரிய இன்னும் ஒரு மணி நேரம் பிடித்தது.

கரையில் இரண்டு பாய்கள் விரித்தோம். ஒன்றில் அவர்கள், ஒன்றில் நாங்கள். நடுவே விட்ட இடைவெளியில் மேபல் அம்மாள் ஒரு தேநீர்ப் பிளாஸ்க்கை நிறுத்தி வைத்தார். ஓசூரைத் தாண்டினால் மைசூர் எல்லையில் ஒரு செக்போஸ்ட் வரும். பஸ்ஸில் இருப்பவர்களெல்லாம் ஒரு குற்றமும் செய்யாமலே முகத்தை மாற்றிக்கொள்வார்கள். அப்படித்தான் நாங்கள் அந்தப் பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதற்றம் தாங்காமல் அந்தோணிசாமியே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்தார்.

பேச்சை நான் ஆரம்பித்தேன். ஊர்ப் பெருமையில் தொடங்குவதுதான் முறை என்று, கிருஷ்ணகிரி அணையை எடுத்தேன். அதன் நீர்ப்பரப்பு, பூங்கா, மதகுகள், மாலையில் அங்கே வந்து உட்காரும் குடும்பங்கள். வகுப்பில்கூட நான் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

மேபல் அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மாஸ்டர், அந்த அணை ஊத்தங்கரையிலயா இருக்கு?” என்றார்.

“கிட்டத்தில்தான்.”

“எவ்வளவு கிட்ட?”

“பஸ்ஸில் போனால்...”

“ஓ, பஸ்ஸிலயா தண்ணி கொண்டு வருவீங்கள்?”

அதோடு அணை மூடப்பட்டது.

பேச்சு நின்றுபோனால் சாப்பாட்டைப் பிரிப்பதுதான் உலக வழக்கம். அவர்கள் பாயில் அவர்கள் சோறு. எங்கள் பாயில் எங்கள் சோறு. புளிச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டைச் சுட்டு எடுத்து வந்திருந்தாள் அக்கா. அவர்களுடைய பொட்டலத்தில் மிளகாய் கொஞ்சிக் குலாவும் சம்பல். உச்சி வெயில். சாப்பிட்டு முடித்ததும் இரு பாயிலும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்தது.

“கூஜாவ எடுடா” என்றாள் அக்கா.

நான் குடையைப் பார்த்தேன். புத்தகத்தைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை. ஊத்தங்கரைப் பக்கத்தார் ஊகித்துக்கொள்ளலாம்.

“உங்களிட்ட கூஜா இருக்கிறதெண்டு நாங்கள் தண்ணி எடுக்கேல்லை” என்றார் மேபல் அம்மாள். “எடுத்தாலும் நீங்கள் குடிக்கப் போறதில்லைத்தானே.”

கிராமத்துக் கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்தது. தலைக்கு மேலே நூற்றுக்கணக்கில் இளநீர் தொங்கியது. ஏறுகிற ஆள் இல்லை. சேவியர் எழுந்தான். “இது நம்ம டியூட்டி” என்று வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்தான். பஸ்ஸின் கூரை உயரம் வரை பழக்கத்தில் ஏறிவிட்டான். அதற்கு மேல் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் மரத்தோடு ஏதோ ரகசியம் பேசுகிறவன் மாதிரி இருந்தான். பிறகு வந்த வழியே ஒரே சறுக்காகச் சறுக்கி, மணலில் வந்து உட்கார்ந்தான். மார்பெல்லாம் சிராய்ப்பு.

ரோஸலின் வாயைப் பொத்திக்கொண்டாள். மேபல் அம்மாளும் சிரித்துவிட்டார். சிரித்தது தெரியாமல் இருக்கக் கடலைப் பார்த்துக்கொண்டார்.

அக்கா எழுந்தாள். ஒரு வார்த்தை பேசாமல், அலையோர மணலில் போய் மண்டியிட்டு, இரு கையாலும் தோண்ட ஆரம்பித்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாம்பாற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களில் அவள் ஊரே இப்படித்தான் மணலில் ஊற்றுத் தோண்டி மொண்டு குடிக்கிறது. மணலைக் கண்டால் அந்தப் பக்கத்துப் பெண்களின் கை தானாகக் குனியும். அதற்காகக் கடற்கரையிலா?

“அக்கா, இது கடல்” என்றேன். பூகோள வாத்தியார் என்ற முறையில்.

“மணலு மணலுதான். நீ உன் வேலையப் பாரு.”

முழங்கை ஆழத்தில் தண்ணீர் வந்தது. ஒரு கை அள்ளி வாயில் விட்டு, உடனே துப்பினாள். மேபல் அம்மாள் பாயில் இருந்தபடியே, “கடலுக்குள்ள கிணறு வெட்டுறா” என்றார் மகளிடம். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு அடி தள்ளிப் போய் மறுபடி தோண்டினாள். அதுவும் உப்பு. மறுபடி தள்ளி மண்டியிட்டாள். புடவையெல்லாம் மணல். இப்போது பாயில் யாரும் சிரிக்கவில்லை.

மேபல் அம்மாள் எழுந்து போனார்.

“அங்க இல்லை அக்கா. அது கடல் வாய். இஞ்ச வாங்கோ.” தாழம்புதருக்குப் பின்னால், தோப்பு ஆரம்பிக்கும் மேட்டைக் காட்டினார். “கடலுக்குப் போற எங்கட ஆட்கள் இந்த மாதிரி இடத்திலதான் கிண்டிக் குடிப்பினம்.” சொல்லிவிட்டுத் தாமே குனிந்து தோண்டவும் தொடங்கினார். நேர் கீழே தோண்டினார். அள்ள அள்ள மணல் சரிந்து குழியை மூடியது.

“ஏம்மா, நெட்டுக்குத் தோண்டனா நிக்குமா?” என்றாள் அக்கா. “வாயி அகலமா எடுக்கணும், அடி போவப் போவக் குறுக்கணும். நவுரு, நான் காட்றன்.”

“நீங்க அந்தப் பக்கத்தால அள்ளுங்கோ, நான் இந்தப் பக்கத்தால.”

“மண்ணத் தூரப் போடும்மா, மறுபடி உள்ள வருது பாரு.”

“உங்கட பக்கத்தாலதான் வருது.”

ஹாலில் பேசாத பேச்சையெல்லாம் குழிக்குள் பேசிக்கொண்டு இருவரும் தோண்டினார்கள். ரோஸலின் ஒரு கொட்டாங்கச்சியைக் கழுவி எடுத்து வந்தாள். இடுப்பளவு ஆழத்தில் மணல் கறுத்தது, ஈரமாயிற்று, பிறகு ஓரத்திலிருந்து மெல்லக் கசிந்தது. முதலில் வந்த கலங்கலை அக்கா மொண்டு வெளியே ஊற்றினாள். இரண்டாவதையும் ஊற்றினாள். “பொறு, தெளியட்டும்” என்றாள். ஆறு பேரும் குழியைச் சுற்றி உட்கார்ந்து, தண்ணீர் தெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உங்கட ஊரிலயும் இவ்வளவு ஆழத்தில வருமா?” என்று மேபல் அம்மாள் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

“தையில வரும். சித்திரையில ஆளு முழுவுற ஆழம் தோண்டணும். ஒருத்தர் உள்ள எறங்கி மொள்ளணும். ஒருத்தர் நடுவுல நின்னு வாங்கிக் குடுக்கணும். ஒருத்தர் மேல குடத்துல ஊத்தணும். ஒருத்தர் குடத்தத் தூக்கிக்கினு வூட்டுக்கு நடக்கணும். நாலு ஆளு வேணும்.”

என் அணையும் பூங்காவும் மதகுகளும் அந்தக் குழிக்குள் விழுந்து காணாமல் போயின. சேவியர் கண்ணை மூடிக்கொண்டான்.

மேபல் அம்மாள் கையிலிருந்த மணலைத் தட்டினார். “உங்கட வீட்டில எத்தினை பேர்?”

“மூணு பேருதான்” என்றாள் அக்கா. “அதான் கடலத் தாண்டி வந்து கேக்கறம்.”

மேபல் அம்மாள் குழியை எட்டிப் பார்த்தார்.

ரோஸலின்தான் பேசினாள். “அம்மா, குடம் தூக்க எனக்குப் பயமில்லை. குழிக்குள்ள இறங்கத்தான் பயம்.”

“குழி என் டியூட்டி” என்றான் சேவியர், சிராய்ந்த மார்போடு. இந்தப் பயணத்தில் அவன் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

மேபல் அம்மாள் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, கலங்காமல், மேலாகக் கொட்டாங்கச்சியால் மொண்டார். அக்காவிடம் நீட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து குடிக்காமல், வாயில் வைத்தே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அந்தோணிசாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்த கொட்டாங்கச்சியை அக்கா மொண்டு கொடுக்க, மேபல் அம்மாள் குடித்தார். உடனே, கல்யாணத்தைக் கல்லாவிக் கோவிலில் வைப்பதா, நீர்கொழும்பில் வைப்பதா என்று இருவரும் உரத்த குரலில் தமிழில் ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாவது கொட்டாங்கச்சி எனக்குக் கிடைத்தது. லேசாக உப்புக் கரித்தது. தேனாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.